முப்பத்தொரு நாளில் எழுதி முடிக்க வேண்டியிருந்த அப்பாவின் கதை

2024 பெப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை. காலை ஏழரை மணி இருக்கும். அப்பா கடற்கரையிலிருந்து வந்து, தூண்டில் தடியைச் சுவர் ஆணியில் மாட்டிவிட்டு, விறாந்தை வாங்கில் உட்கார்ந்து அம்மாவிடம் தேத்தண்ணீர் கேட்டிருக்கிறார். அம்மா கோப்பையோடு வந்தபோது சுவரில் சாய்ந்தபடி இருந்தார். நித்திரை என்றுதான் அம்மா நினைத்தார். அப்பாவுக்கு 72 வயது. அதற்கு முதல் நாள்தான் பக்கத்து வீட்டுக் கூரையில் ஏறி உடைந்த ஓடு மாற்றிக் கொடுத்திருந்தார்.

அண்ணா ரொறன்ரோவில். என் கணவர் கட்டாரில். நானும் 13 வயது மகனும் கொழும்பு வெள்ளவத்தையில் வாடகை வீட்டில். பக்கத்துத் தெஹிவளையில் அம்மாவும் அப்பாவும் மட்டும். ஆக, அடுத்த ஒரு மாதத்தில் முடிவெடுக்க வேண்டிய எல்லாவற்றையும் நான் ஒருத்திதான் எடுக்க வேண்டியிருந்தது. பலவற்றைப் பிழையாக எடுத்தேன். முன்னமே ஒருவர் சொல்லியிருந்தால் எவ்வளவோ மிஞ்சியிருக்கும். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

1990 இலக்கத்துக்கு அழைத்தேன். அம்புலன்ஸ் விரைவாகவே வந்தது. வந்த பிள்ளைகள் பார்த்துவிட்டு, உயிர் போய்விட்டது என்று மிகவும் பக்குவமாகச் சொன்னார்கள். அதற்குப் பிறகு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. அப்பா மருந்தே தொடாத மனிதர். பிரஷர் பார்க்கக்கூட டொக்டரிடம் போக மாட்டார். அது அவருக்கு ஒரு பெருமை, எங்களுக்கும் பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் அவருக்கென்று வழமையாகப் பார்க்கிற டொக்டர் ஒருவர் இல்லாததால், மரணத்துக்குக் காரணம் இதுதான் என்று எழுதித் தர யாரும் இல்லை. எனவே கிராம சேவகர், பொலிஸ், மரண விசாரணை அதிகாரி, கடைசியில் பிரேத பரிசோதனை என்று போய், உடலைத் திரும்பக் கையில் தரும்போது புதன்கிழமை பின்னேரம் ஆகிவிட்டது. அந்த ஒன்றரை நாளும் அம்மா விறாந்தையை விட்டு எழும்பவில்லை. உங்கள் வீட்டிலும் நல்ல திடகாத்திரமான வயதானவர் இருந்தால், வருடத்தில் இரண்டு தரமாவது ஒரே டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போங்கள். அந்தச் சீட்டுகளை ஓரிடத்தில் வையுங்கள். வருத்தத்துக்காக இல்லாவிட்டாலும் இதற்காகவாவது.

அண்ணா வரும் வரை உடலை மலர்ச்சாலையில் வைத்திருந்தோம். கொள்ளி வைக்க அவர் வந்தே ஆக வேண்டும் என்று சொந்தக்காரர் எல்லாரும் சொன்னார்கள், எனக்கும் அண்ணா வர வேண்டும் என்றுதான் இருந்தது. அவர் சனிக்கிழமை விடிய வந்தார், அன்று பின்னேரமே பொரளை கனத்தையில் தகனம். மலர்ச்சாலையில் முதலில் சொன்ன தொகை 210,000 ரூபா. முடிவில் கட்டியது 346,000. யாரும் ஏமாற்றவில்லை. மண்டபத்துக்கு மேலதிக நாள், குளிரூட்டி, பூ, வாகனம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்கள், நான் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினேன். அழுதுகொண்டிருக்கிறவர் விலை பேசக் கூடாது. துக்கம் கொஞ்சம் தள்ளி நிற்கிற ஒருவரை, ஒரு அயலவரையோ வேலையிடத்து நண்பரையோ கூட்டிப் போய், எது அடங்கும், எது அடங்காது, ஒரு நாள் கூடினால் எவ்வளவு என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள்.

ஆனால் அந்த மலர்ச்சாலையில்தான் என் அப்பாவைப் பற்றி எனக்குத் தெரியாத பாதி தெரியவந்தது. அப்பா ரத்மலானை ரயில்வே வேர்க்ஷொப்பில் பிட்டராக, இயந்திரப் பாகங்களைப் பூட்டித் திருத்துகிறவராக, 1972இல் சேர்ந்து 2011 வரை வேலை செய்தவர். வெள்ளிக்கிழமை பின்னேரம் அவரோடு வேலை செய்த ஒரு சிங்களப் பெரியவர் மொரட்டுவையிலிருந்து பஸ்ஸில் வந்தார். பெட்டியின் பக்கத்தில் வெகுநேரம் நின்றார். பிறகு என்னிடம் வந்து, 1983 ஜூலையில், தமிழருக்கு எதிரான ஆடிக் கலவரத்தின்போது, அப்பா தங்கள் வீட்டுப் பின்னறையில் ஒன்பது நாள் இருந்ததாகச் சொன்னார். வெளியே வர முடியாது, சும்மா இருக்கவும் இவரால் முடியாது. அந்த ஒன்பது நாளில் அந்த வீட்டுத் தையல் மெஷின், மேசை விசிறி, இரண்டு கதவுப் பூட்டு, அந்தப் பெரியவருடைய தாயாரின் மூக்குக் கண்ணாடி எல்லாவற்றையும் திருத்தி வைத்திருக்கிறார். "அந்த மெஷினில் இன்றைக்கும் என் மருமகள் தைக்கிறாள்" என்றார். அப்பா இதை எங்களிடம் ஒரு நாளும் சொன்னதில்லை. ஆடிக் கலவரத்தைப் பற்றி யார் பேச்செடுத்தாலும் எழுந்து கொட்டிலுக்குப் போய்விடுவார்.

நான் அந்தப் பெரியவரின் பேச்சை ஒலிப்பதிவு செய்யவில்லை. அடுத்தவர் கை கொடுக்க வந்தார், நான் திரும்பினேன். அவர் போய்விட்டார். அந்த இரண்டு மூன்று நாட்களில் வருகிறவர்கள் சொல்வதைப் பிறகு யாரும் சொல்வதில்லை. வீட்டில் ஒரு இளம் பிள்ளையைப் பிடித்து, ஒரு கொப்பியும் போனும் கொடுத்து, வருகிறவரின் பெயர், தொலைபேசி இலக்கம், எப்படிப் பழக்கம் என்று எழுத வையுங்கள். சொல்ல விரும்புகிறவரை ஒரு மூலையில் இருத்திப் பேச வையுங்கள். என் மகன் சும்மாதான் நின்றான். அவனுக்கும் செய்ய ஒரு வேலை கிடைத்திருக்கும்.

தகனம் முடிந்து வந்த இரவு, வீடு நிறையச் சனம், குழாயில் தண்ணீர் இல்லை. கீழே ஒரு தாங்கி, கூரையில் ஒரு தாங்கி, இடையில் ஒரு பழைய மோட்டர். சுவிச்சைப் போட்டால் மோட்டர் சத்தம் போடுகிறது, தண்ணீர் ஏறவில்லை. அந்த மோட்டரை அப்பாவைத் தவிர யாரும் தொட்டதில்லை. தொட விடவும் மாட்டார். "உதைத் தொடாதை பிள்ளை, நான் பாக்கிறன்" என்பார். அடுத்த நாள் காலை ஒருவரைப் பிடித்தேன். மோட்டர் பழுது, இனிச் சரிவராது என்றார். புது மோட்டர் 38,000, பூட்டுக்கூலியும் பைப்பும் 14,500. மொத்தம் 52,500 ரூபா கொடுத்தேன். எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவுக்கு முதல் நாள் பக்கத்து வீட்டுப் பையன் வந்து புது மோட்டரைப் பார்த்துவிட்டுக் கேட்டான்: "ஏன் அக்கா மாத்தினீங்கள்? மாமா மேல இருக்கிற மூடியைக் கழட்டி ஒரு போத்தல் தண்ணி விடுவார், பிறகு ஏறும்."

அவ்வளவுதான் விஷயம். உறிஞ்சு குழாயின் அடியில் ஃபுட் வால்வ் என்று ஒன்று இருக்கிறது. அது ஒழுகினால் குழாயிலுள்ள தண்ணீர் இறங்கிவிடும், மோட்டருக்குள் காற்றுப் புகுந்துவிடும். காற்று நின்றால் மோட்டர் எவ்வளவு சுற்றினாலும் தண்ணீரை இழுக்காது. மேலே மூடியைத் திறந்து தண்ணீர் நிரப்பினால் திரும்ப இழுக்கும். கைவேலை தெரிந்த ஒருவர் இருக்கிற வீட்டில் மற்றவர்கள் எல்லாரும் ஒன்றும் தெரியாமலே இருந்துவிடுகிறோம். அவர் இருக்கும்போதே ஒரு ஞாயிற்றுக்கிழமை போனை எடுத்துக்கொண்டு அவர் பின்னால் நடங்கள். மெயின் சுவிச் எது, ட்ரிப் சுவிச் விழுந்தால் எந்த வரிசையில் போடுவது, வீதியிலிருந்து வரும் தண்ணீரை எங்கே பூட்டுவது, மோட்டருக்கு என்ன பக்குவம், எந்தச் சாவி எந்தப் பூட்டுக்கு என்று அவரே சொல்லச் சொல்ல வீடியோ எடுங்கள். இருபது நிமிடம் போதும். அவருடைய குரலும் கையும் அதில் இருக்கும். என்னிடம் அப்பாவின் குரல் இருப்பது ஒரு வட்ஸ்அப் செய்தியில் மட்டும், 11 வினாடி. மீன் வாங்க வரச் சொல்கிறார்.

பிறகு நினைவு மலர். முப்பத்தொராம் நாள் கிரியையான அந்தியேட்டிக்கு வருகிறவர்கள் கையில் கொடுக்க ஒரு மலர் அடிப்பது எங்கள் வழக்கம். கல்வெட்டு என்றும் சொல்வோம். விநாயகர் துதி, பஞ்சபுராணம், திதி வெண்பா, வாழ்க்கை வரலாறு, பிள்ளைகள் பேரப்பிள்ளைகளின் அஞ்சலி, நன்றி நவிலல். கொட்டாஞ்சேனையில் ஒரு அச்சகத்துக்குப் போனேன். வரலாறு எழுதி வைத்திருக்கிறீர்களா என்று கேட்டார்கள். இல்லை என்றேன். பரவாயில்லை என்று கணினியில் ஒன்றைத் திறந்து காட்டினார்கள். இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும் இன்ன இடத்தை வதிவிடமாகவும் கொண்ட அன்னார், இளமை முதலே கல்வியிலும் ஒழுக்கத்திலும் சிறந்து விளங்கி, அனைவரிடமும் அன்பாகப் பழகி... பெயரும் ஊரும் போட வெற்றிடம் விட்டிருந்தது. அதை வாசிக்கும்போதுதான் நான் முதல் தடவையாக வாய்விட்டு அழுதேன். அப்பா கல்வியில் சிறந்து விளங்கவில்லை. ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். அந்தக் கதை யாருக்கும் பொருந்தும், அவருக்குப் பொருந்தாது. நானே எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்து பேனையை எடுத்தால் எனக்கு என்ன தெரியும்? யாழ்ப்பாணத்துத் தீவுப்பகுதியில், வேலணையில் பிறந்தார். ரயில்வேயில் வேலை. அம்மாவைக் கட்டினார். அதோடு சரி. எந்தப் பள்ளிக்கூடம், யாரிடம் தொழில் பழகினார், ஏன் கொழும்புக்கு வந்தார், ஒன்றும் தெரியாது. அம்மாவிடம் கேட்டால் அழுகிறார். வேலணையில் அப்பாவின் அக்கா, எங்கள் மாமி, இருக்கிறார். 80 வயது. மூன்று இரவு அவரோடு போனில் இருந்தேன். ஒன்பது வயதில் அப்பப்பாவின் சைக்கிளை முழுதாகக் கழற்றிப் போட்டு அடி வாங்கி, அன்று இரவே விளக்கு வெளிச்சத்தில் திரும்பப் பூட்டியது, தாய்மாமனின் வள்ளத்தில் பள்ளிக்கூடத்துக்கு ஒளித்துக் கடலுக்குப் போனது எல்லாம் மாமி சொன்னவை. மாமியிடம் நான் போன வருடமே கேட்டிருக்கலாம். அப்பாவிடமே கேட்டிருக்கலாம்.

எனக்குத் தெரிந்த அப்பா வெளியில் இருந்த அப்பா. அவரை வீட்டுக்குள் வைத்திருப்பது கஷ்டம். விடிய நாலரைக்கு எழும்பி, தெஹிவளையிலிருந்து நடந்து, மரைன் டிரைவ் தாண்டி, ரயில் பாதையைக் கடந்து, வெள்ளவத்தைக் கால்வாய் கடலில் விழுகிற பக்கத்துக் கற்களில் போய் நிற்பார். நவம்பரில் கடல் அடங்கத் தொடங்கினால் ஏப்ரல் வரை அநேகமாக ஒவ்வொரு நாளும். மே மாதத்தில் தென்மேற்குக் காற்று கிளம்பினால் தூண்டிலைக் கழற்றி எண்ணெய் பூசிவிட்டு, தங்கூசி எல்லாவற்றையும் விரித்து ஒரு விரற்கடை விடாமல் தடவிப் பார்த்துச் சுற்றி வைப்பார். பாரை பட்டால் வீட்டுக்கு, சீலா பட்டால் பக்கத்து வீட்டுக்கு, ஏனென்றால் அந்த அன்ரிக்குச் சீலா விருப்பம். கரையோர ரயில் கடந்து போகும்போது திரும்பிப் பார்க்காமலே எந்த எஞ்சின் என்று சத்தத்தில் சொல்வார்.

டிசம்பர் விடுமுறைக்கு, ரயில்வே ஊழியருக்குக் கிடைக்கிற இலவசப் பயணச் சீட்டான வாரண்டில் எங்களை மலைநாட்டுக்குக் கூட்டிக்கொண்டு போவார். இரவு ரயிலில் போய் ஒஹியவில் இறங்கி, அங்கிருந்து ஹோட்டன் சமவெளிக்கு நடை. அண்ணாவுக்குப் பத்து வயது, எனக்கு ஏழு. கால் நோகிறது என்று நான் உட்கார்ந்தால் தூக்க மாட்டார். பக்கத்தில் தானும் உட்கார்ந்து ஒரு தடியை வெட்டி என் உயரத்துக்குச் சீவித் தருவார். "இப்ப உனக்கு மூண்டு கால்" என்பார். சிவனொளிபாதமலைக்கு எத்தனை தரம் ஏறினார் என்று கணக்கில்லை. யுத்தம் முடிந்த பிறகு உகந்தையிலிருந்து குமண, யால காட்டு வழியாகக் கதிர்காமத்துக்கு நான்கு தடவை பாதயாத்திரை போனார். பையில் மாற்று வேட்டி ஒன்று, குறடு, செப்புக் கம்பி, பெரிய ஊசி. வழியில் செருப்பறுந்த அடியாருக்கெல்லாம் அதைத் தைத்துக் கொடுத்துக்கொண்டு கடைசி ஆளாக வந்து சேருவாராம். இதைச் சொன்னது மட்டக்களப்பிலிருந்து ஒரு அம்மா. மரண அறிவித்தலைப் பார்த்துத் தேடி எடுத்துப் பேசினார்.

இப்படியெல்லாம் சேர்த்து எழுதி முடிக்க 23ஆம் நாள் ஆகிவிட்டது. அச்சகத்தில் அவசரம் என்றார்கள். புரூபை, அதாவது அச்சடிக்க முதல் பிழை பார்க்கிற பிரதியை, போனில் அனுப்பினார்கள், பஸ்ஸில் நின்றபடி பார்த்துச் சரி என்று அனுப்பினேன். 300 பிரதி, 126,000 ரூபா. பெட்டியைப் பிரித்தபோது அண்ணாவின் சின்ன மகளின் பெயர் இல்லை. அப்பா ஒருமுறைகூட நேரில் காணாத பேத்தி. ஒவ்வொரு ஞாயிறும் வீடியோவில் அவளுக்காகவே காத்திருப்பார். அந்தத் தாள்களை மட்டும் திரும்ப அடித்துக் கோர்க்க 18,500. அதைவிட அண்ணியின் முகத்தைப் பார்த்த நேரம் பெரிது. புரூபைத் தாளில் எடுத்து, குடும்பப் பெயர்களை ஒரு ஆள் வாசிக்க இன்னொரு ஆள் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். பெயர்ப் பட்டியலைக் கூடப்பிறந்தவர் ஒவ்வொருவருக்கும் முதலில் அனுப்பிச் சம்மதம் வாங்குங்கள். படங்களும் அப்படித்தான். பழைய படங்களின் பின்பக்கத்தில் யார், எங்கே, எப்போது என்று பென்சிலால் எழுதி வைக்க இன்றைக்கே தொடங்கலாம். எங்களிடம் இருந்த 200 படத்தில் பாதியில் நிற்பவர்கள் யாரென்று சொல்ல இப்போது ஆளில்லை. அப்பாவின் போனோ இன்னும் பூட்டியபடிதான் இருக்கிறது.

மிகவும் வருந்துகிற ஒன்றை இன்னும் சொல்லவில்லை. அந்தியேட்டிக்குப் பந்தல் போட இடம் வேண்டுமென்று பின்கொட்டிலை ஒதுக்கினேன். பழைய இரும்பு எடுக்கிறவரைக் கூப்பிட்டு, அங்கே கிடந்த அப்பாவின் கருவிகளை நிறுத்துக் கொடுத்தேன். 6,800 ரூபா கிடைத்தது. அந்தியேட்டியன்று மொரட்டுவைப் பெரியவர் வந்து, அப்பா வேர்க்ஷொப்பில் இளவயதில் தன் கையாலேயே செய்த சின்ன இடுக்கி ஒன்று இருக்குமே, அதை ஒருமுறை பார்க்கலாமா என்று கேட்டார். கழிவு இரும்பில் ஒரு வருடமாகச் சிறிது சிறிதாகச் செய்ததாம். நான் வாயடைத்துப் போனேன். அடுத்த நாள் இரும்புக் கடைக்குப் போய்க் குவியலைக் கிளறினேன். ஒரு சுத்தியலும் இரண்டு அரமும் கிடைத்தன. இடுக்கி கிடைக்கவில்லை. ஒரு வருடத்துக்கு அவருடைய கருவிகளில் கை வைக்காதீர்கள். இடம் வேண்டுமானால் சாக்கில் கட்டிக் கட்டிலுக்குக் கீழே தள்ளுங்கள். அந்த வேலை தெரிந்த ஒருவர் பார்த்துச் சொன்ன பிறகுதான் எதையும் வெளியே விட வேண்டும்.

கடதாசி வேலை பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். மரணப் பதிவுக்குப் போகும்போது இறந்தவரின் பிறப்புச் சான்றிதழையும் அடையாள அட்டையையும் கையில் கொண்டு போய், எழுதுகிற ஒவ்வொரு எழுத்தையும் பார்த்த பிறகு கையெழுத்திடுங்கள். எங்களுடையது சிங்களத்தில் பதியப்பட்டது. தகப்பன் பெயரில் ஒரு எழுத்து மாறியதை நான் கவனிக்கவில்லை. பென்ஷன் கோப்பில் இருந்த பெயரோடு அது பொருந்தவில்லை. சத்தியக்கடதாசி, சமாதான நீதவான், திரும்பவும் பிரதேச செயலகம் என்று அலைந்து, அம்மாவுக்கு விதவைகள் ஓய்வூதியம் கிடைக்க ஐந்து மாதம் சென்றது. நான் எடுத்த அரை நாள் விடுமுறைகள் மட்டும் 14. இறப்பை உடனே பிரதேச செயலகத்துக்கு எழுத்தில் அறிவிக்கவும் வேண்டும். நான் பிந்தியதால் மார்ச் மாதப் பென்ஷனும் அப்பாவின் கணக்குக்கு வந்துவிட்டது. தெரியாமல் செலவழித்து, பிறகு திருப்பிக் கட்டினோம்.

ஏழாம் மாதத்தில்தான் தூண்டில் பெட்டியைத் திறந்தேன். அதுவரை மனம் வரவில்லை. தூண்டில் முள், ஈயக்குண்டு எல்லாவற்றுக்கும் அடியில் பொலித்தீனில் சுற்றிய சின்ன டயரிகள், 31 இருந்தன. ஒவ்வொரு நாளுக்கும் ஒன்றிரண்டு வரி, பென்சிலில். கடல் கலங்கல். காற்று வாடை. பாரை 2. ஒஹிய போனோம், பிள்ளை முழுக்க நடந்தாள். மாமிக்கு விசிறி திருத்தினது. வரலாறு வேண்டும் என்று நான் ஊரெல்லாம் போன் எடுத்த நாட்களில் அவர் தானே எழுதி வைத்தது சுவர் ஆணிக்குக் கீழே கிடந்திருக்கிறது. ஆண்டுத் திவசத்துக்கு அந்த வரிகளைக்கொண்டே 24 பக்கத்தில் இன்னொரு சின்னப் புத்தகம் அடித்தேன். 50 பிரதிதான். கற்களில் மீன்பிடிக்கிற அவருடைய கூட்டாளிகளுக்கும் கொடுத்தேன். தமிழ் வாசிக்கத் தெரியாத ஒருவர் படத்தை மட்டும் வெகுநேரம் பார்த்துவிட்டுச் சேட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

கடைசி டயரியில் கடைசி வரி, அவர் இறப்பதற்கு முதல் நாள் எழுதியது: "ஓடு மாத்தினது. மோட்டர் ஃபுட் வால்வ் ஒழுகுது, சனிக்கிழமை மாத்த வேணும்."

பழைய மோட்டரை நல்லவேளையாக நான் இரும்புக்குக் கொடுத்திருக்கவில்லை. ஃபுட் வால்வ் 1,850 ரூபா. பக்கத்து வீட்டுப் பையனும் என் மகனுமாகச் சேர்ந்து ஒரு சனிக்கிழமை அதை மாற்றி, பழைய மோட்டரையே திரும்பப் பூட்டினார்கள். மூடியைக் கழற்றித் தண்ணீர் விட்டது அம்மா.